வந்து போன நீல அலமாரி

அவளுக்கு வீட்டில் பராக்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலக அடையாள அட்டையில் கழுத்தோடு தொங்குகிறது, அதோடு சரி. அடுப்பில் பால் இருக்கிறது, காவல் நில் என்றால், எதிர் மாடியில் காயும் போர்வை காற்றில் எழும்புவதையும் அமர்வதையும் பார்த்துக்கொண்டு நிற்பாள். பால் பொங்கி, அடுப்பை அணைத்து, தரையில் இறங்கிக் கால் விரலைத் தொட்டால்தான் இந்த உலகத்துக்குத் திரும்புவாள். அவளுடைய எட்டாவது வயதில் அக்கா வைத்த பெயர் அது. இப்போது வயது நாற்பத்து நான்கு. பால் இன்னும் பொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்படிப்பட்டவள் கணினி நிரல் எழுதிப் பிழைக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? பத்தொன்பது வருடமாக அதுதான் அவளுக்குச் சோறு போடுகிறது. மூன்றாவது மாடியில், பேருந்து நிலையத்தின் தகரக் கூரையைப் பார்த்த ஜன்னலோரம் அவள் நாற்காலி. அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஊர் நூலகத்தில் புத்தகம் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லி வைப்பதற்கு ஒரு இணையதளம் இருக்கிறதே, அதை ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. பதினான்கு வருடத்தில் மற்றவர்கள் எல்லாரும் வேறு வேறு வேலைக்குப் பறந்துவிட்டார்கள். தளமும் அவளும் மட்டும் மிச்சம். அதில் எந்தக் கதவு முனகும், எந்தப் படி ஆடும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

அந்தத் தளத்தில் புத்தகங்கள் வெள்ளைப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டியலாக வரும். புதிதாக வந்த ஓவியர் ஒருவர் அதற்கு மாற்றாக நீல அலமாரி ஒன்றை வரைந்து கொடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, அழகான அலமாரி. அந்தி நீலம், தட்டுத் தட்டாகப் புத்தகங்கள் முதுகைக் காட்டி நிற்கும், ஒன்றைத் தொட்டால் மெல்ல வெளியே சாயும். பட்டியலா, அலமாரியா என்று அலுவலகத்தில் இரண்டு கட்சி. கடைசியில் தலைவர் சொன்னார்: “நமக்குள்ள எதுக்குச் சண்டை? ஊரையே கேட்டுடலாம். பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது. யார் அதிகமா புத்தகம் எடுக்குறாங்கன்னு பார்த்துடுவோம். மேடம், நீங்கதான் பண்ணணும்.”

தலைவர் என்றால் அந்தக் குழுவுக்குத் தலைவர். அவளைவிட ஆறு வயது சின்னவர். அதனால் அவர் மேடம் என்பார், இவள் சார் என்பாள், இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் சிரிப்பு வரும்.

இந்த மாதிரிப் பரிசோதனைக்கென்று யாரோ ஏற்கெனவே எழுதிக் கட்டி வைத்த ஆயத்த நிரல் உண்டு. ஜாவாக்காரர்கள் அந்தக் கட்டை ஜார் என்பார்கள். அதை எடுத்து நம் நிரலோடு சேர்த்துக்கொண்டால் போதும் என்று எழுதியிருப்பார்கள். போதுமாவது! ஜார் புதுசு, வீடு பழசு. ஜார் கேட்ட துணை நிரல்கள் இங்கே பழைய பதிப்பில் இருந்தன. அவற்றை ஏற்றினால் இங்கே ஓடிக்கொண்டிருந்தவை முரண்டு பிடித்தன. நாலு நாள் மாமியார் மருமகள் சமாதானம் மாதிரி இழுத்தது. ஐந்தாம் நாள் ஒருவழியாக இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே வாழச் சம்மதித்தன.

அந்த ஜார் செய்வது எளிய வேலைதான். ஓர் எண்ணைக் கொடுத்தால், ஏதோ கூட்டிப் பெருக்கி, இவருக்கு வெள்ளை, இவருக்கு நீலம் என்று சொல்லும். அதில் ஒரு வாக்குச் சுத்தம் இருந்தது. ஒரே எண்ணை இன்று கேட்டாலும் நாளை கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். உறுப்பினர் எண்ணைக் கொடுத்துவிட்டால் முடிந்தது. நீலத்துக்கு விழுந்தவருக்கு எப்போதும் நீலம்.

பராக்குக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. தகரக் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்து யோசிப்பாள். ஊர் இப்போது இரண்டு ஊர். பேருந்துக்குக் காத்திருக்கும் அந்தச் சிவப்புப் பை அம்மாள் நீல ஊர்க்காரி. பக்கத்தில் கொட்டாவி விடுகிறவர் வெள்ளை ஊர். ஒரே பேருந்தில் ஏறுவார்கள், ஒரே நிறுத்தத்தில் இறங்குவார்கள், இருவருக்கும் தெரியாது. நமக்கும் யாரோ இப்படி ஒரு சீட்டு எடுத்து வைத்திருப்பார்களோ? எனக்கு வராமல் போன நீலம் எது? இப்படியே அரை மணி நேரம் போய்விடும்.

அந்த நாட்களில் ஒரு பிற்பகல் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குள் வருகிறவர்கள் பக்கத்தைப் பார்ப்பதற்குமுன் வரிசையாகச் சில காவலாளிகளைத் தாண்டி வர வேண்டும். ஃபில்டர் என்று பெயர். அதில் ஒருவர் லாகின் பார்த்து, வந்திருப்பது இன்னார் என்று சொல்கிறவர். நீலமா வெள்ளையா என்று சீட்டுக் கொடுக்கவும் ஒரு காவலாளியை நிறுத்த வேண்டியிருந்தது. பராக்கு முதலில் அவரை வரிசையின் கடைசியில் நிறுத்தினாள்; ஒரு பக்கம் திறக்க மறுத்தது. சரி, முதலாவதாக நிறுத்திப் பார்ப்போம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று அந்த வரியை மேலே ஏற்றினாள். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை முழுக்க வெள்ளி வெள்ளியாகத் தெறித்தது. எழுந்து போய் ஜன்னலில் நின்றுவிட்டாள். திரும்பி வந்தபோது எல்லாப் பக்கமும் நன்றாகத் திறந்தன. அப்படியே அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா பன்னிரண்டு வயது மூத்தவள். முப்பத்திரண்டு வருடம் பெரிய ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸ். அத்தான் போனபிறகு தங்கையோடு இரண்டாவது மாடி வீட்டுக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. விருப்ப ஓய்வு பெற்றும் சும்மா உட்காரத் தெரியாது. தெருமுனை கிளினிக்கில் தினமும் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் ஊசி போடுகிறாள். அவள் கை பட்டால் வலிக்காது என்று மூன்று தெருக்களில் பேச்சு. நாலு வயது வாண்டுகள்கூட அந்த அம்மா போடட்டும் என்று அடம் பிடிக்கும். அக்காவுக்கு அதில் உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், ஆனால் கிளினிக்குக் கிளம்பும்போது அவள் நடையே வேறு.

இன்னொரு பைத்தியம் புத்தகம். காலை ஆறரைக்குச் சாப்பாட்டு மேசையில் டீயும் டேப்லெட்டுமாக உட்கார்ந்து, நூலகத் தளத்தைத் திறந்து, லாகின் செய்து, அன்றைக்கு என்ன வேண்டும் என்று தேடுவாள். சாயங்காலம் மறுபடி ஒரு பார்வை. உறுப்பினர் எண் 6183. அது அவளுக்குச் சொந்தப் பெயர் மாதிரி.

பரிசோதனை தொடங்கிய இரண்டாவது வாரம், ஒரு காலையில் அக்கா மேசையிலிருந்து குரல் கொடுத்தாள். “ஏ பராக்கு! இந்த நீல அலமாரி ரொம்ப நல்லா இருக்குடி!”

பராக்கு குளியலறையில் இருந்தாள். தலை துவட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தபோது அக்கா தளத்தை மூடி டேப்லெட்டையும் மூடியிருந்தாள். மறுபடி திறந்தால், அலமாரியையும் காணோம், ஒன்றையும் காணோம். வெள்ளைப் பக்கம், பட்டியல்.

“இப்பதானே இருந்துச்சு,” என்றாள் அக்கா.

பராக்கு ஈரத்துண்டைக் கொடியில் போட்டுவிட்டுக் கிளம்பினாள். அலுவலகம் போனதும் 6183 என்ற எண்ணை ஜாரிடம் கொடுத்துக் கேட்டாள். வெள்ளை என்றது. மறுபடி கேட்டாள். வெள்ளை. பத்துத் தடவை கேட்டாலும் அதேதான் சொல்லும். அதுதானே அதன் வாக்கு. ஆக, அக்கா நீல அலமாரியைப் பார்த்திருக்கவே முடியாது.

பின்னே அலமாரி பற்றி அவளுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் பதில் இருந்தது. ஓவியர் வரைந்த படத்தை ஒரு மாதம் முன்னால் இதே மேசையில் அக்காவிடம் காட்டியிருந்தாள். அந்தப் படம் அக்கா மனதில் தங்கி, இப்போது கண்முன் வந்து நிற்கிறது. இதை நினைத்தபோது பராக்குக்குப் பயம் வந்தது. ஏனென்றால் போன மாதம் அக்கா சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதற்கு முன்னால் ஒரு நாள் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினாள். அப்போது சிரித்த விஷயங்கள். இப்போது சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் மெதுவாகச் சொன்னாள். “அக்கா, அது நான் காட்டின படம் ஞாபகத்துல இருந்திருக்கும். பரவாயில்லக்கா, எல்லாருக்கும் ஆகுறதுதான்.”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்திரண்டு வருடம் வார்டில், இல்லாததை இருக்கிறது என்று சொன்ன எத்தனையோ பேரிடம் அவளே இந்தக் குரலில் பேசியிருக்கிறாள். பரவாயில்லம்மா, ஆகுறதுதான், படுத்துக்கோங்க. அந்தக் குரல் இப்போது தன் பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

“சரி,” என்றாள். அதற்குப் பிறகு அலமாரி பற்றி மூச்சு விடவில்லை.

மூன்று வாரம் போனது. அக்கா வழக்கம்போல ஆறரைக்கு மேசையில் உட்கார்ந்தாள், கிளினிக் போனாள், வந்தாள். ஆனால் நடை வேறாகியிருந்தது. “இப்பல்லாம் நான் ரெஜிஸ்டர் எழுதுறேன், ஊசி அந்தப் புதுப் பொண்ணு போடுது” என்று ஒரு நாள் போகிற போக்கில் சொன்னாள். பராக்கு அதைக் கேட்டாள். ஆனால் அப்போது வானத்தில் கொக்குகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கேட்டதும் கேட்காததுமாகப் போயிற்று.

ஒரு புதன்கிழமை சாயங்காலம், அக்கா கடைக்குப் போயிருந்தபோது, பராக்கு சார்ஜர் தேடி அக்காவின் டேப்லெட்டை நகர்த்தினாள். அதன் அடியில் ஒரு மடித்த காகிதம். கிளினிக் டாக்டருக்கு எழுதியது.

“என் கண்மீது எனக்கே நம்பிக்கை குறைந்துவிட்டது. ஊசி பிடிக்கும் கை அப்படி இருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமையோடு என்னை விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

பராக்கு அதை இரண்டு தடவை படித்தாள். காகிதத்துக்குக் கீழே ஒரு நோட்டு இருந்தது. பிரித்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நான்கு கட்டம்: தேதி, நேரம், கண்டது, குறிப்பு. வார்டில் நோயாளியின் காய்ச்சலைக் குறித்து வைப்பார்களே, அதே அட்டவணை. இங்கே நோயாளி எழுதியவளேதான். காலை 6.34, வெள்ளை. மாலை 5.50, நீலம். காலை 6.31, நீலம். காலை 6.40, வெள்ளை. இப்படி இருபத்தேழு வரி. கோணல் இல்லாத கையெழுத்து. ஒரே ஒரு வரியில் மட்டும் “நீலம்?” என்று கேள்விக்குறி போட்டு, குறிப்பில் “கண்ணாடி போடவில்லை” என்று இருந்தது.

அழுகை வந்துவிட்டது அவளுக்கு. தன் புத்தி கலைவதைத் தானே உட்கார்ந்து மணி பார்த்து எழுதியிருக்கிறாளே, பாவி! எவ்வளவு பயந்திருந்தால் இப்படி எழுதுவாள்! நல்ல மூளை டாக்டராகப் பார்த்துக் காட்ட வேண்டும் என்று பக்கங்களை போனில் படம் எடுத்துக்கொண்டாள். நோட்டை இருந்த இடத்தில் வைத்தாள். அக்கா வந்ததும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மழை வருமா என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் வியாழன். பரிசோதனைக் கணக்கைப் பார்க்கிற ஆள் ஒருவர் உண்டு. அலுவலகத்தில் அவரைப் புள்ளிக்காரர் என்பார்கள். காலையிலேயே காகிதமும் கையுமாக ஜன்னலோரம் வந்து நின்றார்.

“மேடம், நம்ம நூலகத்துல மெம்பர் எத்தனை பேரு?”

“பதினோராயிரம்.”

“உங்க டெஸ்ட்ல இதுவரைக்கும் முப்பத்தெட்டாயிரம் பேரு வந்திருக்காங்க. மெம்பருக்கு மட்டுந்தானே இந்தப் பக்கம்? ஆடு மாடெல்லாம் கூட புத்தகம் எடுக்குதா?”

பராக்கு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தினாள். கீழே பேருந்து நிலையத்தில் சிவப்புப் பை அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அந்த அம்மாளை மூன்று பேராக எண்ணினால் எப்படி இருக்கும்? திங்கட்கிழமை நீல ஊர், செவ்வாய்க்கிழமை வெள்ளை ஊர், புதன்கிழமை மறுபடி நீலம்.

“கொஞ்சம் இருங்க,” என்று காவலாளிகளின் வரிசை எழுதியிருந்த கோப்பைத் திறந்தாள்.

சீட்டுக் கொடுப்பவர் முதலாவதாக நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு மழையில் மறந்துபோன அதே இடத்தில். லாகின் பார்க்கிறவர் அவருக்குப் பின்னால். அப்படியானால் சீட்டுக் கொடுக்கும்போது வந்திருப்பது யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. உறுப்பினர் எண் கைக்கு வருவதற்கு முன்பே, உள்ளே வருகிற எல்லாருக்கும் தரப்படும் தற்காலிக எண்ணை ஜாரிடம் கொடுத்துச் சீட்டு எடுத்துவிட்டார். தளத்தை மூடினாலோ, கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலோ அந்த எண் காலாவதி. மறுபடி வந்தால் வேறு எண், வேறு சீட்டு. ஜார் தன் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறது. இவள்தான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆளைக் காட்டியிருக்கிறாள்.

அவளுடைய கணினியில் இது தெரியவே தெரியாது. வேலை வசதிக்காக நீலம், வெள்ளை என்று கையால் மாற்றிப் பார்க்கிற ஏற்பாடு அங்கே. கணினியே ஓட்டிப் பார்க்கும் சோதனைகளிலோ உறுப்பினர் எண்ணை நேராகக் கொடுத்துச் சரிபார்த்திருந்தாள். எல்லாம் பச்சை, அதாவது தேர்ச்சி.

அவள் போனை எடுத்து, டாக்டரிடம் காட்டுவதற்காக எடுத்து வைத்த படத்தைத் திறந்தாள். தளத்தின் பதிவேட்டில் 6183-க்கு எந்த நேரம் எந்தப் பக்கம் போனது என்று தேடினாள். காலை 6.34, வெள்ளை. சரி. மாலை 5.50, நீலம். சரி. விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். இருபத்தாறு வரி அப்படியே ஒத்துப்போயிற்று. ஒத்துப்போகாத ஒன்று, அக்காவே கேள்விக்குறி போட்ட வரி.

“என்ன மேடம், ஒரு மாதிரி ஆயிட்டீங்க?” என்றார் புள்ளிக்காரர்.

“எங்க அக்காவுக்கு ஒண்ணுமில்ல சார்,” என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், காகிதத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அஞ்சு வாரக் கணக்கு குப்பைக்குப் போச்சா? சரி விடுங்க. இன்னைக்கே மாத்திடுங்க, சத்தம் போடாம மறுபடி ஆரம்பிச்சுடலாம்.”

“நாளைக்குக் காலையில மாத்துறேன் சார். இன்னைக்கு ஒரு நாள் இப்படியே இருக்கட்டும்.”

“எதுக்கு?”

“ஒருத்தருக்குக் காட்டணும்.”

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். தெரு என்றைக்கும்போலத்தான் இருந்தது. ஆனால் எதிரே வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்கப் பயமாக இருந்தது. இவரும் அந்த அலமாரியைப் பார்த்திருப்பாரோ, பார்த்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கிறாரோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

அக்கா கிளினிக்கிலிருந்து திரும்பி மேசையில் உட்கார்ந்திருந்தாள். பிற்பகல் வெயில் மேசைமேல் சாய்ந்து டீ டம்ளர் வரை வந்திருந்தது.

“என்னடி இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?” என்று எழுந்து நெற்றியைத் தொட வந்தாள்.

“உக்காருக்கா. உனக்கு ஒண்ணு காட்டணும்.”

டேப்லெட்டை எடுத்துத் தளத்தைத் திறந்து, அக்கா எண்ணைப் போட்டு உள்ளே போனாள். வெள்ளை. எல்லாவற்றையும் மூடி, புதிதாகத் திறந்து, மறுபடி உள்ளே போனாள். வெள்ளை. மூன்றாவது தடவை, திரை ஒரு கணம் யோசித்தது. பிறகு அந்தி நீலத்தில், புத்தகங்கள் முதுகு காட்டி நிற்க, அலமாரி வந்தது.

அக்கா மூச்சை உள்ளே இழுத்தாள். தங்கை முகத்தைத்தான் பார்த்தாள். உனக்கும் தெரிகிறதா என்று கேட்கிற பார்வை.

“தெரியுதுக்கா. நீலமா இருக்கு.”

பதினோரு தடவை திறந்தார்கள். வந்தது, போனது, போனது, வந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் டம்ளரைத் தாண்டி அக்காவின் கைமேல் ஏறியது. கனவை ஒருவர் மட்டும் கண்டால் பயம். இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கனவைக் கண்டால் அதில் ஒரு சுகம் இருக்கிறது. பன்னிரண்டாவது தடவை அக்காவே வாங்கித் திறந்தாள். நீலம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிவதற்குள் கண்ணீர் வந்துவிட்டது.

பராக்கு எல்லாவற்றையும் சொன்னாள். மழையைச் சொன்னாள். அக்காவின் எண்ணை ஜாரிடம் கேட்டதைச் சொன்னாள். நோட்டைப் படம் எடுத்ததையும், எதற்கு எடுத்தாள் என்பதையும்கூடச் சொன்னாள்.

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள், விட்டேனா பார் என்று.

“என் நம்பரைக் கேட்டியே, என்னைக் கேட்டியாடி? எத்தனை மணிக்குப் பார்த்தே, எப்படி இருந்துச்சு, எத்தனை தடவைன்னு ஒரு வார்த்தை கேட்டியா? காய்ச்சல்னு ஒருத்தன் வந்தா, தெர்மாமீட்டர் வைக்கிறதுக்கு முன்னாடி அவனை என்ன பண்ணுதுன்னு கேக்கணும். கேட்டியா நீ? பரவாயில்லக்கான்னு சொன்னியே, அந்தக் குரல்ல! கன்னத்துல ரெண்டு அறைஞ்சிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.”

பராக்கு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். கேட்டிருந்தால் அந்த வாரமே தெரிந்திருக்கும்.

“மூணு வாரம்டி. குழந்தைங்க கையைப் பிடிக்கவே பயமா இருந்துச்சு.”

“தப்புதான்க்கா.”

எதிர் மாடிப் போர்வை எழுந்து அமர்ந்தது. பராக்கு இந்தத் தடவை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அக்கா டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரு?”

“பதினோராயிரம் மெம்பர். தினமும் வர்றவங்க ரெண்டாயிரம் இருக்கும்.”

“அதுல தனியா இருக்கிறவங்க? என் வயசுக்காரங்க?”

பராக்குக்குத் தெரியவில்லை. அதை யாரும் எண்ணியதில்லை.

“நான் நோட்டுல எழுதினேன். எழுதாதவங்க என்ன பண்ணுவாங்க? அவங்களுக்கு யாருடி சொல்றது?”

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே பராக்கு அந்த வரியைக் கீழே இறக்கி, லாகின் பார்க்கிறவருக்குப் பின்னால் நிறுத்தினாள். திறக்க மறுத்த அந்த ஒரு பக்கத்தையும் உட்கார்ந்து பழுது பார்த்தாள். பத்து நிமிட வேலை, அன்றைக்கே செய்திருக்கலாம். பிறகு தளத்தின் முகப்பில், யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில், ஒரு அறிவிப்பு வைத்தாள்.

“கடந்த ஐந்து வாரங்களில் இங்கே ஒரு நீல அலமாரி சில நாள் தெரிந்தும் சில நாள் தெரியாமலும் இருந்திருக்கும். அது எங்கள் தவறு.

நீங்கள் பார்த்தது உண்மைதான்.”

கடைசி வரி அக்கா சொன்னது. தனி வரியாகப் போடு, பெரிய எழுத்தில் போடு என்று கிளம்பும்போது வாசல்வரை வந்து சொல்லியிருந்தாள்.

தலைவர் அதைத் திரையில் பார்த்துவிட்டு வந்தார். “இப்படியெல்லாம் வெளிய சொல்ற பழக்கம் நமக்கு இல்லையே மேடம். டெஸ்ட் நடக்குதுன்னே யாருக்கும் தெரியக் கூடாது.”

“தெரியாம இருந்ததாலதான் சார், எங்க அக்கா தனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு வேலையை விட லெட்டர் எழுதி வச்சிருக்கா. என்னை வேணா மாத்துங்க, அதை எடுக்காதீங்க.” பத்தொன்பது வருடத்தில் அவள் இப்படிக் குரல் உயர்த்திப் பேசியதில்லை. பேசி முடித்ததும் அவளுக்கே காது சூடாகிவிட்டது.

தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டார். “எத்தனை நாள் இருக்கணும்?”

“ஒரு மாசம் சார்.”

“சரி,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அக்காவைக் காணோம். டேப்லெட் மேசைமேல் இருந்தது. தூக்கிப் பார்த்தாள், நோட்டும் இல்லை, லெட்டரும் இல்லை. நேற்று அவ்வளவு பேசியும் அந்த லெட்டரைக் கிழித்தாளா இல்லையா என்று கேட்கத் தோன்றாமல் போயிற்றே! வெள்ளிக்கிழமையோடு என்று எழுதியிருந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினாள்.

கிளினிக் வாசலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள் அறையின் ஜன்னல் பாதி திறந்திருந்தது. அக்கா முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விரலால் இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே இருந்த காற்றுக் குமிழை மெல்ல மேலே தள்ளினாள். கை இம்மியும் அசையவில்லை. அம்மா மடியில் இருந்த குழந்தை சுவரில் ஒட்டியிருந்த யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஊசி போட்டு எடுத்ததும்கூட அது யானையைத்தான் பார்த்தது. பராக்கு நேரம் போனது தெரியாமல் நின்றாள்.

“வெளிய நின்னு பராக்கு பார்க்காதடி, காத்தை மறைக்கிற. உள்ள வா,” என்றாள் அக்கா, திரும்பாமலே.

உள்ளே போனாள். அக்கா கையைக் கழுவித் துடைத்துவிட்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். “இந்தா. கேஸ் முடிஞ்சுது. நீயே வச்சுக்கோ.” அந்த லெட்டர் அதற்குள் நாலாக மடித்துச் செருகியிருந்தது. அதன் பின்பக்கம், நூலகத்தில் எடுக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல்.

பராக்கு கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். இருபத்தேழு வரிக்குக் கீழே, வார்டிலிருந்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பும்போது எழுதுவதுபோல, அதே கோணல் இல்லாத கையெழுத்தில் இருந்தது:

“கண் நலம். புத்தி நலம். கோளாறு தங்கையிடம். அவளுக்கு மருந்து கிடையாது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.”

“படிச்சிட்டியா? போய் அந்த பெஞ்சுல உக்காரு,” என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள்.